அணுக்கருப் பிளவு: அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது?

ரொறன்ரோவை அடுத்த பிக்கரிங்கில் எம்மவர் பலரின் வீடுகளுக்கு அருகிலேயே அணுமின் நிலையம் இயங்குகிறது. பிரான்சின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது. யேர்மனியோ தனது கடைசி மூன்று உலைகளையும் 2023 ஏப்ரல் 15 அன்று மூடிவிட்டது. நாம் வாழும் நாடுகள் இன்றும் வாதிடும் இந்தச் சக்தியின் மூலத்தை முதலில் விளக்கியவர்களில் ஒருவர், நாட்டை விட்டுத் தப்பியோடிய ஒரு பெண்.

லீஸ மைட்னர் ஒஸ்திரியாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1907 முதல் பேர்லினில் ஒட்டோ ஹானுடன் இணைந்து ஆய்வு செய்தார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் அவரது கடவுச்சீட்டு செல்லாததாயிற்று. யூலையில், 59 வயதில், இரண்டு சிறிய பெட்டிகளுடன் நெதர்லாந்து வழியாகத் தப்பிச் சுவீடனை அடைந்தார்.

அந்த டிசம்பரில் பேர்லினிலிருந்து ஹானின் கடிதம் வந்தது. ஹானும் ஸ்ட்ராஸ்மானும் யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கியபோது பேரியம் கிடைத்திருந்தது. யுரேனியக் கருவில் 92 புரோத்தன்கள். பேரியத்தில் 56 மட்டுமே. இது எப்படி என்று அவர் கேட்டிருந்தார். நத்தார் விடுமுறையில் குங்எல்வ் என்ற ஊரில், பெறாமகன் ஒட்டோ ஃபிரிஷ்ஷுடன் பனியில் நடந்தபடி மைட்னர் விடை தேடினார்.

இரண்டு விசைகளின் இழுபறி

கருவுக்குள் இரு விசைகள் போட்டியிடுகின்றன. புரோத்தன்கள் யாவும் நேரேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளுகின்றன. இந்தத் தள்ளுவிசை கரு முழுவதும் எட்டும். அவற்றைப் பிணைக்கும் கருவிசை மிக வலியது. ஆனால் பக்கத்திலிருக்கும் துணிக்கைகளை மட்டுமே எட்டும். யுரேனியம் போன்ற பெரிய கருவில் இரண்டும் ஏறத்தாழச் சமநிலையில் நிற்கின்றன.

அங்கே ஒரு நியூத்திரன் நுழைந்தால், கரு நீர்த்துளிபோல் தளம்பி நீள்கிறது. இடை ஒடுங்கி இரண்டாகிறது. பிரிந்த கணத்தில் கருவிசை ஒரு துண்டிலிருந்து மற்றதை எட்டாது. தள்ளுவிசை மட்டுமே மிஞ்சும். துண்டுகள் பெருவேகத்தில் எதிரெதிராகப் பறக்கின்றன. வெளிப்படும் சக்தியின் பெரும்பகுதி இந்த வேகம்தான். சுற்றியுள்ள அணுக்களில் மோதி அது வெப்பமாகிறது. அவ்வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுற்றுகிறது.

இருவரும் கணக்கிட்டபோது ஒரு பிளவுக்கு 20 கோடி இலத்திரன்வோல்ற்று வந்தது. துண்டுகளின் மொத்தத் திணிவோ, ஒரு புரோத்தனின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அந்தக் குறைவு அதே 20 கோடிக்குச் சமம். கணக்குச் சரியாக வந்தது. நிலக்கரியில் ஒரு காபன் அணு எரிந்தால் கிடைப்பது சுமார் 4 இலத்திரன்வோல்ற்று மட்டுமே. 1 கிலோ யுரேனியம்-235 முழுதும் பிளந்தால் சுமார் 2,700 தொன் நிலக்கரியின் வெப்பம் கிடைக்கும்; குறையும் திணிவு 1 கிராமுக்கும் குறைவு.

உலையும் குண்டும்

ஒவ்வொரு பிளவிலும் இரண்டு அல்லது மூன்று நியூத்திரன்கள் வெளியேறி அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. உலையில் கட்டுப்பாட்டுக் கோல்கள் மிகுதியை உறிஞ்சுவதால், சராசரியாக ஒரு நியூத்திரனே அடுத்த பிளவை உண்டாக்கும். குண்டில் அந்தத் தடை இல்லை. இயற்கை யுரேனியத்தில் 235 வகை சுமார் 0.7 வீதம் மட்டுமே. ஆகவே பல உலைகளுக்கு அதைச் செறிவாக்க வேண்டும். பிக்கரிங் உலைகள் பாரநீரைப் பயன்படுத்துவதால் இயற்கை யுரேனியத்திலேயே இயங்குகின்றன.

பிளந்த துண்டுகள் கதிர்த்தொழிற்பாடு கொண்டவை. உலையை நிறுத்திய பின்பும் அவை வெப்பத்தை வெளியிடும். 2011இல் ஃபுக்குஷிமாவில் உலைகள் நின்ற பின்னரும் எரிபொருள் உருகியது, அந்த வெப்பத்தைத் தணிக்க முடியாமற்போனதால்தான்.

மைட்னரும் ஃபிரிஷ்ஷும் தமது விளக்கத்தை 1939 பெப்ரவரியில் வெளியிட்டனர். பின்னர் குண்டு தயாரிப்பில் இணைய அழைப்பு வந்தபோது மைட்னர் மறுத்துவிட்டார். 1944ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் வழங்கப்பட்டது. 109ஆம் தனிமத்துக்கு மைட்னரியம் என்ற பெயர் 1997இல் உறுதியானது. அவர் இறந்து அப்போது ஏறக்குறைய 29 ஆண்டுகள் கடந்திருந்தன.