கையால் அளந்த மருந்து



துப்பாக்கியைத் ‘துவக்கு’ என்பது எங்கள் கிழக்கிலங்கை வழக்கு. காட்டோரத்து வயல்வாடியில் வேளாண்மை காத்திருந்த உழவனுக்குப் பன்றியையும் யானையையும் விரட்ட அது துணையாயிற்று. ஆயினும் அந்நாளைய வாய்வழித் துவக்கிற்குக் கடையில் வாங்கும் தோட்டா இல்லை. மருந்தை அளந்து குழலினுள் இட்டு, தும்பினால் அடைத்து, ஈயக் குண்டுகளை இறக்கிய பின்னரே ஒரு வெடி ஆயத்தமாகும். சுடுபவனே அவ்வெடியை ஆக்கியவனும் ஆவான்.

அம்மருந்தின் உயிர்நாடி வெடியுப்பு. 1816 முதல் 1820 வரை இலங்கையில் பணியாற்றிய படை மருத்துவர் ஜோன் டேவி, மலைநாட்டின் வெடியுப்புக் குகைகளைக் கண்டு 1821இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். வௌவால்கள் வாழும் குகையின் மண்ணிலிருந்தும் மரச்சாம்பலிலிருந்தும் உப்பைப் பிரித்தெடுத்த அத்தொழில், கண்டி நாட்டவர் தம் கையாலேயே நடத்தியதாகும்.

வெடியை ஆக்குபவர் வேறு, சுடுபவர் வேறு என்றாகும்போது எழும் ஐயம் எத்துணைப் பெரிது என்பதை 1857ஆம் ஆண்டு இந்தியாவில் உலகம் கண்டது. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறத்தல் வேண்டும். அதிற் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற செய்தி இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒருங்கே கலக்கியது. சிப்பாய்கள் தாமே மெழுகும் எண்ணெயும் பூசிக்கொள்ளலாம் என்று அரசு பின்னர் இணங்கியும் ஐயம் அகலவில்லை. அவ்வாண்டு மே 10ஆம் நாள் மீரத்திலே கிளர்ச்சி மூண்டது.

1866ஆம் ஆண்டளவில் உலோகத் தோட்டா செம்மையுற்றது. மருந்தும் குண்டும் தீப்பொறி தரும் மூடியும் ஒரே கூட்டினுள் அடங்கின. வெடியாக்கம் தொழிற்சாலையின் பணியாயிற்று. ஆனால், சுட்ட பின்னும் பித்தளைக் கூடு கெடாது எஞ்சிற்று. 1870களில் அமெரிக்கச் சமவெளியின் எருமை வேட்டைக்காரர்கள் அக்கூடுகளைப் பொறுக்கி மீண்டும் நிரப்பினர். இன்று அந்நாட்டில் குறிசுடும் ஆர்வலர் பலர்க்கு அதுவே பொழுதுபோக்கு. அதில் இறங்குவோன் முதலிற் கற்பது சுடுதலை அன்று, நிறுத்தலையே. அவர்களது எடையலகு ‘கிரெயின்’. ஓர் இறாத்தலுக்கு 7000. பொன்னைக் குன்றிமணியால் நிறுத்த நம் தட்டாரின் கண்ணும் கையும் அதற்கு வேண்டும்.

அந்த அளவே உயிர்காப்பு. 1884இல் பிரான்சு நாட்டுப் போல் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டறிந்தார். பழைய கருமருந்தை விட அது பன்மடங்கு வலியது. கருமருந்தின் அளவில் அதனை இட்டால் குழலே வெடித்துச் சிதறும். பழைய கைப்பழக்கம் புதிய பொருளுக்கு ஒவ்வாது என்பதற்கு இதனினும் கடுமையான சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் இக்கலை பொழுதுபோக்காய் வளரவில்லை. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் துவக்கிற்கும், 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் மருந்திற்கும் அனுமதிப்பத்திரத்தை வேண்டின. எனினும் சட்டத்திற்கு மறைவாக, மிருகங்கள் செல்லும் தடத்திலே கட்டுத்துவக்கு இன்றும் வைக்கப்படுகின்றது. கயிற்றில் இடறுவது பன்றியா, சிறுத்தையா, விறகெடுக்க வந்த ஏழையா என்பதை அது அறியாது. வைத்தவனோ அங்கு இல்லை.

வயல்வாடியில் விழித்திருந்தவனின் கையில் மருந்து இருந்தது; அது யார்மீது பாய்கிறது என்பதைக் காணும் கண்ணும் உடன் இருந்தது. அளக்கும் கையும் பார்க்கும் கண்ணும் பிரிந்த இடத்திலேயே கேடு தொடங்குகின்றது. துவக்கின் நீண்ட வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.