தொலைவு: தூரமா, இழப்பா?

வீட்டுல சண்டை போட்டுட்டு ஒருத்தன் கிளம்புறான். "எங்கயாவது போய்த் தொலை"ன்னு பின்னாலயே ஒரு குரல். மறுநாள் அதே குரல் தொலைபேசியில, "சாப்பிட்டியாய்யா?" திட்டுலயும் 'தொலை', போன்லயும் 'தொலை'. ஒரே சொல் ரெண்டு இடத்துக்கும் எப்படி வந்துச்சு? இன்னைக்கு அதுதான் நம்ம கதை.

இந்தச் சொல்லோட பழைய பொருள் தூரம் இல்லை. தீர்ந்துபோறது, அழியுறது, தோக்குறது. சங்கப் பாடல்கள்ல 'தொலையாத' வீரன்னா தோல்வியே காணாதவன். தலைவன் பிரிஞ்சு போனதால தலைவியோட அழகு கெட்டுப்போச்சுன்னு சொல்லவும் இதே 'தொலை'தான். அங்க தூரம் போனது அவன், தொலைஞ்சது அவ அழகு. கண்ணுக்கு எட்டாததும் கைவிட்டுப் போனதும் மனசுக்கு ஒண்ணுதான்னு ஆகி, பிறகு தூரத்துக்கும் இதே சொல் வந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

பேச்சுல இன்னொரு வேலையும் இதுக்கு உண்டு. நான் புதூர்க்காரன். மதுரைப் புதூர் இல்லை, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் புதூர். மானாவாரி வெள்ளாமை, வானத்தை நம்பித்தான் பொழப்பு. "இந்த மழை பெஞ்சு தொலைக்க மாட்டேங்குதே"ன்னா, அங்க 'தொலை' தூரத்தையும் காட்டல, இழப்பையும் காட்டல. சொல்றவங்க சலிப்பைக் காட்டுது. இலக்கணத்துல துணைவினைம்பாங்க. "வந்தான்" வெறும் செய்தி. "வந்து தொலைச்சான்"னா, அவன் பக்கத்துல வந்துட்டான், நம்ம மனசு விலகிருச்சு. "கடன் தொலைஞ்சுது"ன்னா மட்டும் நிம்மதி!

அப்புறம் இங்கிலீஷ் 'டெலி' வந்துச்சு. கிரேக்கத்துல அதுக்குத் 'தூரத்துல'ன்னு பொருள். 1975 ஆகஸ்ட் 15-ல சென்னையில டிவி ஒளிபரப்பு தொடங்குச்சு. 'தூர்தர்ஷன்'ல இருக்கிற 'தூர்', நம்ம 'தூரம்' ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், சமஸ்கிருதம். தமிழ்ல கலைச்சொல் ஆக்கினவங்க 'தொலை'யை எடுத்தாங்க: தொலைக்காட்சி, தொலைபேசி, தொலைத்தொடர்பு. இழப்புக்கு இருந்த சொல், இணைப்புக்கு வந்து சேர்ந்துச்சு.

ஆனா எல்லாத் தொலைவையும் போன் தீர்த்துடாது. கோவில்பட்டி பக்கம் இடைசெவல்ல பிறந்த கி. ராஜநாராயணன் 1982-ல 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார். சொல் தொலையுறதுக்கு மைல் கணக்கு வேண்டாம், பேசுறதை நிறுத்தினாலே போதும். அவரே பிற்காலத்துல புதுச்சேரிக்குக் குடிபோனார். 2021 மே மாசம் அங்கதான் காலமானார். உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோட அடக்கம் பண்ணாங்க.

தூரம் போனார், தொலையல.

நம்மள்ல பாதிப் பேர் வேலைக்காக ஊரை விட்டு வந்தவங்க. ஊர் எத்தனை கிலோமீட்டர்னு மேப் சொல்லிரும். ஊர்ப் பேச்சுல எத்தனை சொல் இன்னும் உங்க வாயில இருக்கு? அதை நீங்கதான் சொல்லணும். ஒரு சொல்லைப் பிடிச்சு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.