தச்செறும்பு

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட கேம்போனோட்டஸ் பேரினத்தில் மரங்குடையும் எறும்புகளே தச்செறும்புகள். நன்கு ஆராயப்பட்டது, கிழக்கு வட அமெரிக்காவின் கருந்தச்செறும்பு. கரையானைப் போலன்றி, இது மரத்தைத் தின்பதில்லை. ஈரத்தில் உளுத்த மரத்தைக் குடைந்து வழவழப்பான அறைகள் அமைத்து, தூளை வெளியே தள்ளுகிறது. அசுவினியின் இனிப்புக் கழிவும் பூச்சிகளுமே முக்கிய உணவு. அதை வாயோடு வாய் பகிர்ந்துகொள்கின்றன. கலவிப் பறப்புக்குப்பின் இறகுதிர்த்த ராணி, முதல் புழுக்களுக்குத் தன் உடற்சேமிப்பிலிருந்தே ஊட்டுகிறது. அதனால் முதல் வேலைக்காரிகள் குள்ளமானவை. வளர்ந்த குடும்பம் உலர்ந்த மரங்களில் கிளைக்கூடுகளும் அமைக்கும். ராணியும் முட்டைகளும் ஈரமான தாய்க்கூட்டிலேயே இருக்கும். ஆகவே, வீட்டில் கிளைக்கூட்டை மட்டும் அழிப்பது வீண்வேலை. நம்மூர்க் கட்டெறும்பும் இப்பேரினமே; ஆனால் அது மண்ணில்தான் வளை தோண்டுகிறது.