ஐந்து வழிகளில் பேக்கப் இருந்தும் 300 ஜிபி காலி! 2017-ல் கிட்லேப் தளத்துக்கு என்ன ஆனது?

2017 ஜனவரி 31. உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்கள் சேர்ந்து வேலை செய்யும் கிட்லேப் இணையதளம் திடீரென நின்றுபோனது. ஹேக்கர்கள் தாக்கவில்லை, சர்வரும் தீப்பிடிக்கவில்லை. நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான கம்ப்யூட்டரில் ஒரே ஒரு அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி இருந்த டேட்டாபேஸில் மிஞ்சியது 4.5 ஜிபி மட்டுமே.

'சரி, பேக்கப் இருக்குமே, அதிலிருந்து எடுத்துப் போட்டா முடிஞ்சதே' என்று தோன்றும். கிட்லேப் குழுவும் முதலில் அப்படித்தான் நினைத்தது. பிரச்னை ஆரம்பித்ததே அங்குதான்.

கிட்லேப் என்பது என்ன?

ஒரு ப்ராஜெக்ட்டின் கோடை எல்லோரும் ஒரே இடத்தில் வைத்து, மாற்றி, அதைப் பற்றிப் பேசி, பிழைகளைக் குறித்துவைக்கும் கூட்டுப்பணி தளம் இது. கோட் ஃபைல்கள் தனியாக டிஸ்கில் இருக்கும். யார் பயனர், எந்த ப்ராஜெக்ட் யாருடையது, யார் என்ன கமென்ட் போட்டார் என்ற விவரமெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கும். அன்று அழிந்தது இந்த இரண்டாவது பகுதி. கோட் ஃபைல்கள் தப்பின. ஆனால் பதிவேடு இல்லாத பத்திர அலுவலகம் போலத்தான் நிலைமை. அலமாரியில் எல்லாம் இருக்கிறது, எது யாருடையது என்று சொல்ல ஆள் இல்லை.

தவறு எப்படி நடந்தது?

அன்று மாலையிலிருந்தே டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. ஒரு காரணம் ஸ்பேம். இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. கிட்லேப் ஊழியர் ஒருவரின் கணக்கைப் பற்றி யாரோ விஷமத்துக்குப் புகார் கொடுக்க, அந்தக் கணக்கும் அதன் தரவுகளும் நீக்கப்படும் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது.

கிட்லேப் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களை வைத்திருந்தது. ஒன்று முதன்மை. மற்றொன்று அதை நொடிக்கு நொடி பார்த்து எழுதிக்கொள்ளும் நகல். சுமை கூடியதில் நகல் பின்தங்கிவிட்டது. அது படிக்கவேண்டிய பழைய பதிவுகளை முதன்மை சர்வர் ஏற்கனவே கழித்துவிட்டதால், நகலைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து எழுதவேண்டிய கட்டாயம். அதற்கான கட்டளையைக் கொடுத்தால், திரையில் எதுவும் வராமல் அப்படியே நின்றது. உண்மையில் அந்தக் கருவி சத்தமில்லாமல் காத்திருக்கும் வகை. இது தெரியாத பொறியாளர், நகல் சர்வரில் இருக்கும் பழைய ஃபோல்டர்தான் தடுக்கிறது என்று நினைத்து அதை நீக்கினார்.

கிரீன்விச் நேரப்படி அப்போது இரவு 11 மணிக்கு மேல். திறந்திருந்த இரண்டு கருப்பு விண்டோக்களும் பார்க்க ஒரே மாதிரி. பெயரில் வித்தியாசம் ஒரே ஒரு எண்: டிபி1, டிபி2. அவர் நீக்கியது டிபி1-ல். அதாவது முதன்மை சர்வரில். நகல் ஏற்கனவே காலி. இப்போது இரண்டுமே காலி.

நகல் சர்வர் என்பது பேக்கப் அல்ல என்று டேட்டாபேஸ் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒரு இயந்திரம் படுத்துவிட்டால் நகல் காப்பாற்றும். ஆனால் தவறுதலாக ஒரு அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பையும் அது விசுவாசமாக நகலெடுத்துவிடும்.

ஐந்து பேக்கப்பும் என்ன ஆச்சு?

தினசரி பேக்கப்பை முதலில் பார்த்தார்கள். டேட்டாபேஸை முழுசாக ஒரு ஃபைலாக்கி அமேசானின் எஸ்3 சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அது. அங்கே போய்ப் பார்த்தால் எதுவுமே இல்லை! காரணம் ரொம்பச் சின்னது. ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பேக்கப் வேலை ஓடிய சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டர் இல்லாததால், எந்தப் பதிப்பு என்று மென்பொருளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய 9.2-ஐ எடுத்துக்கொண்டது. பழைய கருவியால் புதிய டேட்டாபேஸைப் படிக்க முடியாது. பிழை காட்டிவிட்டு நின்றுவிட்டது. தினமும்.

பிழை வந்தால் மெயில் வரணுமே? அனுப்பப்பட்டது. ஆனால் போலி மெயில்களைத் தடுக்கும் டிமார்க் சோதனையில் அந்த மெயில்கள் தேறவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. ஆக, பேக்கப் எடுக்கவில்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை. இந்தச் சம்பவத்தில் மிக முக்கியமான இடம் இதுதான் என்பேன். கட்டளையைத் தவறாகக் கொடுப்பது எந்த அலுவலகத்திலும் ஒருநாள் நடக்கும். ஆனால் பேக்கப் தோற்றுப்போன செய்தியைச் சொல்லும் வழியும் சேர்ந்தே தோற்றிருந்தது. மெயில் வரவில்லை என்பதை 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மற்றவை? மைக்ரோசாஃப்ட் அசூரின் டிஸ்க் ஸ்நாப்ஷாட் வசதி, ஃபைல் சர்வர்களுக்குப் போடப்பட்டிருந்தது. டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடவில்லை. நகல் சர்வரின் கதை முன்பே பார்த்ததுதான். மிஞ்சியது, சோதனைத் தளத்துக்காக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் எல்விஎம் ஸ்நாப்ஷாட். அது மட்டும் இருந்திருந்தால் கிட்டத்தட்ட ஒருநாள் தரவு போயிருக்கும். ஆனால் வேறு ஒரு சோதனைக்காக அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரம் முன்புதான் கையால் ஒன்று எடுத்து வைத்திருந்தார். அந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது.

மீட்க ஏன் இவ்வளவு நேரம்?

நகல் இருந்தது சோதனைத் தளத்தில். செலவைக் குறைக்க அங்கே மெதுவான டிஸ்குகள். வினாடிக்கு சுமார் 60 மெகாபிட்தான் படிக்க முடிந்தது. 300 ஜிபியை அந்த வேகத்தில் நகர்த்தினால் கணக்குப்படியே 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிஜத்தில் சுமார் 18 மணி நேரம் ஆனது. மறுநாள் மாலைதான் தளம் திரும்ப வந்தது.

இழப்பு: சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய பயனர் கணக்குகள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். என்ன செய்கிறோம் என்ற குறிப்புகளையும் எல்லோரும் படிக்கும்படி திறந்துவைத்தார்கள். பின்னர் வந்த விரிவான அறிக்கை தனி மனிதரைக் குற்றம் சொல்லாமல், நடைமுறையில் எங்கெங்கே ஓட்டை என்று எழுதியது. பல நிறுவனங்கள் 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்ளும் விஷயம் இது.

சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்கள் எதைப் பார்க்கணும்?

கிட்லேப், நெக்ஸ்ட்கிளவுட் போன்றவற்றைச் சொந்த சர்வரில் போட்டு நடத்தும் சின்ன அலுவலகங்களும் கல்லூரிகளும் இன்று நிறைய. அவற்றில் 'பேக்கப் ஓடுதா?' என்று கேட்பதைவிட, 'கடைசியா எப்போ அதிலிருந்து மீட்டுப் பார்த்தீங்க?' என்று கேட்பதுதான் பலன் தரும். வேறொரு காலி கம்ப்யூட்டரில் மீட்டு, லாகின் செய்து, நேற்று போட்ட ஃபைல் திறக்கிறதா என்று பார்த்தால்தான் அது பேக்கப். அதுவரை அது வெறும் பெரிய ஃபைல். சில சமயம் கிட்லேப்பில் போல, அந்த ஃபைலும் இருக்காது.

எடுக்கும்போதே ஒரு சிக்கல் உண்டு. ஃபைல்களும் டேட்டாபேஸும் ஒரே நேரத்து நிலவரமாக இருக்கணும். ஃபைல்களை இரவு 1 மணிக்கும் டேட்டாபேஸை 3 மணிக்கும் எடுத்தால், இடையில் ஒருவர் ஏற்றிய ஆவணம் டேட்டாபேஸில் பெயராக மட்டும் இருக்கும், ஃபைல் இருக்காது. அதனால்தான் நெக்ஸ்ட்கிளவுட்டில் முதலில் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, பயனர்களை நிறுத்திவிட்டு, தரவு ஃபோல்டர், அமைப்பு ஃபோல்டர், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே காப்பி அடிப்பது வேலைக்காகாது. பாதி எழுதிய பக்கங்கள்தான் கிடைக்கும். அதற்கென இருக்கும் டம்ப் கருவியைத்தான் பயன்படுத்தணும். அந்தக் கருவியின் பதிப்பு டேட்டாபேஸைவிடப் பழையதாக இருக்கக்கூடாது.

பலர் கோட்டைவிடுவது சாவியை. கிட்லேப்பின் வழக்கமான பேக்கப் கட்டளை, ரகசியச் சாவிகள் இருக்கும் ஃபைலைச் சேர்த்து எடுக்காது. வேண்டுமென்றேதான். பூட்டையும் சாவியையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது என்பதற்காக. அதைத் தனியாக, வேறு இடத்தில் எடுத்துவைக்காவிட்டால், தளத்தை மீட்ட பிறகும் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருக்கும் பயனர்கள் உள்ளே வர முடியாது. அதேபோல், பேக்கப் எடுத்த அதே கிட்லேப் பதிப்பில்தான் மீட்கவும் முடியும். பதிப்பு எண்ணை பேக்கப்போடு குறித்துவைப்பது அவசியம்.

சம்பவத்துக்குப் பிறகு கிட்லேப் குழு எடுத்த முடிவுகளில் ஸ்நாப்ஷாட்டை மணிக்கு ஒருமுறை எடுப்பது, மீட்பைத் தானாகச் சோதித்துப் பார்ப்பது எல்லாம் இருந்தன. கூடவே, செலவே இல்லாத ஒன்றும் இருந்தது: எந்த சர்வரில் நிற்கிறோம் என்று பார்த்ததும் தெரியும்படி, ஒவ்வொரு சர்வரின் கட்டளை வரியும் தனித்தனியாகத் தெரியவேண்டும்.