மிருதங்கத்தின் அளவை யார் வைப்பது?

மிருதங்கத்தின் கச்சேரிப் பதிவில் இரைச்சல், ஸ்டூடியோப் பதிவில் தெளிவு என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் ஓசையின் அளவை யார் முடிவு செய்கிறார் என்பதிலிருந்தே வேறுபாடு தொடங்குகிறது. கச்சேரியில் பாடுபவர் குரலை இறக்கினால் வாசிப்பவரின் கையும் இறங்கும்; ஸ்டூடியோவில் அந்தப் பொறுப்பு மெல்ல ஒலிப்பதிவாளரிடம் போய்ச் சேர்கிறது. இது ஒலிப்பதிவின் தொடக்கத்திலிருந்தே உள்ள சிக்கல். 1925க்கு முன், புனலுக்குள் பாடிப் பதிந்த நாட்களில், தோல்வாத்தியத்தின் திடீர் அடி ஊசியைத் தடுமாற வைத்தது. அமெரிக்க ஜாஸ் குழுக்கள் பெரிய டிரம்மை விட்டுவிட்டு மரக்கட்டையைத் தட்டிப் பதிந்ததும் அதனால்தான். மின்பதிவு வந்த பிறகும் 78 வேகத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சமே கிடைத்தது. அதில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு ஏது இடம்?

அளவுச் சிக்கலோடு மிருதங்கத்தின் ஒலியமைப்பும் சேர்ந்துகொள்கிறது. 1933இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த சி.வி. ராமன், மறு ஆண்டு தாம் நிறுவிய அறிவியல் அகாதமியின் இதழில் இந்தியத் தோல்வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரணத் தோலில் சிதறி ஒலிக்கும் அதிர்வுகளை, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவே ஏற்றிய கறுப்புச் சாந்து ஐந்து இசைவான ஒலிகளாகத் திரட்டுகிறது என்று அவர் காட்டினார். மிருதங்கத்துக்குச் சுருதி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வலந்தலையின் நுணுக்கங்களை நெருங்கி வைத்த மைக் அழகாகப் பிடித்துவிடும். ரவை ஒட்டிய இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியோ சற்றுத் தள்ளி இருந்து, அறையின் காற்றோடு கலந்து கேட்க வேண்டியது. மைக்கை ஒட்டினால் அது வீங்கும். வீக்கத்தைக் குறைத்தால் மெலிந்துவிடும்.

1966இல் மிருதங்கக் கலைஞர்களில் முதல்வராக சங்கீத கலாநிதி விருது பெற்ற பாலக்காடு மணி அய்யர், ஒரு கட்டத்தில் மைக் வைத்த மேடைகளில் வாசிக்க மறுத்தார். அதை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனமில்லை. தம் கை வைத்த அளவை இன்னொருவர் மாற்றுவதை அவர் ஏற்கவில்லை என்றே நான் கொள்கிறேன். பெங்களூரின் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில், 1939 முதல் ராமசேவா மண்டலி நடத்தும் ராமநவமிக் கச்சேரிகளில் கூடும் கூட்டத்துக்கு மைக் இல்லாமல் எப்படிக் கேட்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்காதுதான். அப்படியானால் ஒலிபெருக்கி வைத்த கச்சேரியும் பாதி ஸ்டூடியோவே. அங்கிருந்து வரும் பதிவை நேரடி ஒலி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

ஸ்டூடியோவுக்காக வாதாடுபவர்களிடமும் வலுவான நியாயம் இருக்கிறது. மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்பதால் மாணவருக்கு அது பெரிய உதவி. ஹெப்பகோடியிலிருந்து ஓசூர் சாலை நெரிசலைத் தாண்டி மாலைக் கச்சேரிக்குப் போக முடியாதவருக்குப் பதிவுதான் கச்சேரி. பெங்களூரிலேயே நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. 1964இல் மிருதங்கக் கலைஞர் டி.ஏ.எஸ். மணி தொடங்கிய கர்நாடக தாளவாத்தியக் கல்லூரியின் கலைஞர்கள், சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் ஜெர்மனியின் இசிஎம் நிறுவனத்துக்காக 1983இல் ‘ஜோதி’ என்ற இசைத்தொகுப்பைப் பதிந்தார்கள். அந்த நிறுவனத்துக்கே உரிய நீண்ட எதிரொலி அதில் மிருதங்கத்தைச் சூழ்ந்திருக்கிறது. எந்தச் சபாவிலும் அப்படி ஒலிக்காது. இருந்தும் அதில் பாடிய ராமமணியின் குரலுக்கு மணியின் கை விட்டுக்கொடுக்கும் இடங்கள் தெளிவாகக் கேட்கின்றன. கணவன் மனைவியான அவ்விருவரும் பல ஆண்டுகள் ஒரே மேடையில் இசைத்தவர்கள். அந்தப் பழக்கம் ஸ்டூடியோவுக்குள்ளும் கூடவே வந்தது. ஆளுக்கொரு நாள் வந்து தனித்தனித் தடங்களாகப் பதிந்துவிட்டுப் போகும் முறையில் அதற்கு வழியே இல்லை.