பந்திக்கு ஒரு படி அதிகம்

கல்யாண வீட்டில் மூன்றாவது பந்தி உட்கார்ந்திருக்கிறது. இலை போட்டாயிற்று. அந்தச் சமயத்தில் பரிசாரகர் வந்து, "சாதம் தீர்ந்துவிட்டது" என்று பெண்ணைப் பெற்றவர் காதில் ஓதினால் அவர் கதி என்ன? அதனால்தான் அனுபவஸ்தர்கள் முந்நூறு பேரை அழைத்தால் நானூறு பேருக்கு அரிசி அளக்கிறார்கள்.

தேர்தலும் ஒரு பந்திதான். சாவடியை மூடும் நேரத்துக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டவரை, எவ்வளவு நேரமானாலும் வோட்டுப் போடாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். ஆனால் கையில் கொடுக்கச் சீட்டு இருக்க வேண்டுமே!

1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் இந்தக் கவலை குறைவு. தேர்தல் கமிஷனர் சுகுமார் சென், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான ஜனங்களை உத்தேசித்து, ஒவ்வொரு அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார். நாசிக்கில் அச்சான சீட்டில் யார் பெயரும் கிடையாது. ஆகவே தொகுதிக்குத் தொகுதி வேறு சீட்டு அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பெயரில்லாத சீட்டை மறைவில் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிடலாம்! 1962 பொதுத் தேர்தலில், பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்தது. அதோடு புதுக் கவலையும் வந்தது. ஒரு தொகுதியில் சீட்டுக் குறைந்தால் அடுத்த தொகுதியில் கடன் வாங்க முடியாது.

1996-ல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை உலகம் அறியட்டும் என்று கூட்டமாக மனுச் செய்தார்கள். அபேட்சகர்கள் 1,033 பேர்! சீட்டு புத்தகமாகிவிட்டது, வோட்டுப் பதிவையே தள்ளிவைக்க நேர்ந்தது. அதே ஆண்டில் சட்டசபைத் தேர்தலுக்கான டிபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

2004 லோக்சபைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் யந்திரம் வந்தது. காகிதத்துக்கு விடை கொடுத்தாயிற்று என்று நினைக்கிறீர்களா? இல்லை. இன்றும் சாவடி அதிகாரியிடம் ஒரு சிறு கட்டுச் சீட்டு இருக்கிறது. காலையில் வேலையெல்லாம் முடித்துவிட்டு ஓர் அம்மாள் வருகிறாள். "உங்கள் வோட்டு அப்போதே பதிவாகிவிட்டதே, அம்மா!" என்கிறார்கள். யாரோ அவள் பெயரில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள்தான் உண்மையானவள் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், யந்திரத்துக்குப் பதிலாக ஒரு காகிதச் சீட்டைத் தருவார். இதற்கு 'டெண்டர் வோட்டு' என்று பெயர்.

அந்தச் சீட்டைத் தனி உறையில் வைத்துவிடுவார்கள், சாதாரணமாக எண்ணுவதில்லை. பிறகு எதற்கு? 2008-ல் ராஜஸ்தானத்து நாத்துவாராத் தொகுதியில் ஸி. பி. ஜோஷி ஒரே ஒரு வோட்டில் தோற்றார். வழக்கு கோர்ட்டுக்குப் போனபோது, யாரும் திரும்பிப் பாராத அந்த உறைகளைப் பற்றித்தான் பேச்சு!

கடைசியில் வருகிற விருந்தாளி ஒரே ஒருத்தியாக இருக்கலாம். அளந்து வைத்த அதிகப்படி அரிசி அவளுக்காகத்தான்.