வட இலங்கைச் சங்கீத சபையும் திருக்கோயில் இசைப்பணியும்

இறைவன் நாத வடிவினன். ஏழிசையாயும் இசைப்பயனாயும் விளங்கும் அப்பெருமானை இசையால் வழிபடுதல் சைவ மக்களின் தொன்றுதொட்ட மரபாகும். யாழ் வல்ல பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடரே யாழ்ப்பாணம் எனப் பெயர் பெற்றதென்று யாழ்ப்பாண வைபவமாலை கூறும். பெயரிலேயே யாழைத் தாங்கிய இந்நாட்டில் இசைக்கல்வி தழைத்த வரலாறு அடியார்கள் அறிந்து மகிழ்தற்குரியது.

முன்னாளில் இசை குருகுல முறையிற் பயிலப்பெற்றது. ஆசிரியர் இல்லத்தில் வைகிப் பணிவிடை செய்து கேள்வியாற் கற்றனர் மாணாக்கர். அம்முறை ஆழமுடையதே, எனினும் கற்றோர் பெற்ற தேர்ச்சியை அளந்தறியப் பொதுவானதோர் அளவுகோல் அதன்கண் இல்லை. பாடசாலைகளில் இசை ஒரு பாடமாக இடம்பெறத் தொடங்கியபோது இக்குறை பெரிதும் உணரப்பட்டது.

இக்குறை நீக்கத் தோன்றியதே வட இலங்கைச் சங்கீத சபை. 1931 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இச்சபை, வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் முதலிய துறைகளில் தரம் தரமாகத் தேர்வுகளை வகுத்தது. அறிமுறை, செய்முறை என இருவகையானும் மாணாக்கர் சோதிக்கப்பெறுவர். ஆசிரியர் தரத்திற் சித்தியெய்தியோர் 'கலாவித்தகர்' என்னும் பட்டம் பெறுவர். இதனால் தொலைவிலுள்ள சிற்றூர்ச் சிறுமியும் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாடத்திட்டத்தின்கீழ் நின்று தம் திறமையை நிலைநாட்டும் வழி திறந்தது.

இப்பணிக்குத் துணையாக மற்றொரு நிலையமும் எழுந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருகர் சு. நடேசபிள்ளை 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீத அக்கடமியை நிறுவினார். மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரும் வித்துவான்கள் தமிழகத்தினின்றும் வந்து அதன் அதிபராயிருந்து பணியாற்றினர். 1975 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைக்கப்பெற்றது.

இவ்விசைக் கல்வியாற் கோயிலுக்கு வரும் பயன் யாது? ஈழநாட்டுத் தலங்கள் இரண்டிற்குத் தேவாரப் பதிகங்கள் மூன்று உள. திருக்கோணமலைக்குச் சம்பந்தர் அருளியது புறநீர்மைப் பண். திருக்கேதீச்சரத்திற்கு அவர் அருளியது நட்டராகம். அத்தலத்திற்கே சுந்தரர் அருளியது நட்டபாடை. இவற்றை இக்காலத்தார் முறையே பூபாளம், பந்துவராளி, கம்பீரநாட்டை ஆகிய இராகங்களிற் பாடுவர். சரளிவரிசையும் அலங்காரமும் கீதமும் வர்ணமும் முறையாகப் பயின்ற பிள்ளைக்கே இவ்வேறுபாடு செவியிற் புலனாகும். பயிலாத நாவில் மூன்று பதிகங்களும் ஒரே ஓசையாய் ஒலிக்கும். சொல் எஞ்சும், பண் மறையும்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரையும் உடைமையையும் விட்டு இடம்பெயர்ந்தனர். வீணைகளும் ஏடுகளும் வீடுகளோடு அழிந்தன. ஆயினும் நெஞ்சிற் பதிந்த இசை அழிந்திலது. கடல் கடந்து குடியேறிய நாடுகளிலும் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிச் சுருதி சேர்த்தனர். அங்கெழுந்த திருக்கோயில்களிலும் திருமுறை ஒலித்தது.

எனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. சான்றிதழ் கைக்கு வந்ததும் பயிற்சியை நிறுத்துவோர் பலராயினர். தேர்வு ஏணி, திருச்சந்நிதியே ஏறிச்சேரும் இடம். ஏணியின் உச்சியிலேயே நின்றுவிடுதல் பயணத்தின் நோக்கமன்று. பூசைக் காலத்திற் பண்ணோடு ஓதும் வாய்ப்பை இளம் மாணாக்கருக்கு ஆலய அறங்காவலர் அளித்தல் வேண்டும். இசையாசிரியரைத் திருவிழாக் காலத்து மட்டுமன்றி ஆண்டு முழுதும் ஆதரித்தல் வேண்டும். கோபுரத்திற் கலசம் ஏற்றுவித்த அன்பர்கள் இதனையும் தம் திருப்பணியாகக் கொள்வாராக. கல்லாலமைந்த கோயிலுக்குப் பன்னீராண்டிற்கொருமுறை குடமுழுக்கு உண்டு. பண்ணாலமைந்த கோயிலுக்கோ நாடோறும் குடமுழுக்கு வேண்டும். அதனைச் செய்யும் இளங்குரல்கள் பெருகுக! எங்கும் சிவநாதம் ஓங்குக!